ஒருவருக்கு ஒருவர், ஒருவருக்குப் பலர்: இந்திய நடனக் கல்வியில் தனிப்பாடமும் வகுப்பும்

நடனம் பயில வரும் ஒவ்வொரு மாணவர் முன்னும் இன்று ஒரு தேர்வு நிற்கிறது: ஆசிரியரிடம் தனியாகப் பயில்வதா, பலரோடு வகுப்பில் பயில்வதா? இது பெரும்பாலும் கட்டணத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. அதற்குப் பின்னால் வரலாறு பற்றிய ஒரு நம்பிக்கையும் மறைந்திருக்கிறது. பழங்காலத்தில் குரு ஒரு சீடரை அருகில் இருத்திக் கற்பித்தார், இருபதாம் நூற்றாண்டின் நிறுவனங்கள் அம்முறையைக் குலைத்து வகுப்பறையைக் கொண்டுவந்தன, ஆகவே தனிப்பாடமே மரபு, வகுப்பு நவீனத்தின் சமரசம் என்பதே அந்த நம்பிக்கை. நடனக் கல்வி குறித்த ஆய்வேடுகளின் முன்னுரைகளில்கூட இது ஆதாரம் கேட்கப்படாமல் இடம்பெறுகிறது. கிடைக்கும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது.

முதலில் நூல் மரபு. நாட்டிய சாத்திரம் தன் தோற்றக் கதையிலேயே இரண்டு கற்பித்தல் நிகழ்வுகளைச் சொல்கிறது. பிரமனிடம் நாட்டிய வேதத்தைப் பெற்ற பரதர் அதைத் தம் நூறு மைந்தர்க்குக் கற்பிக்கிறார். பின்னர் சிவனின் ஆணைப்படி தண்டு என்பவர் பரதருக்கு அங்கஹாரங்களைக் கற்பிக்கிறார். முதலாவது ஒருவர் பலருக்குக் கற்பித்தது. இரண்டாவது ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தது. நாடக நிகழ்த்துதலுக்குப் பல நடிகர்கள் தேவைப்பட்ட இடத்தில் பன்மையும், நுணுக்கமான உடலசைவைக் கைமாற்ற வேண்டிய இடத்தில் ஒருமையும் வந்திருப்பது கவனத்துக்குரியது. இவற்றை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்ள இயலாது. எனினும், இரு முறைகளையும் அம்மரபு தொடக்கத்திலேயே இயல்பாக ஏற்றிருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்றாவது அமைப்பொன்றைக் காட்டுகிறது. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளை ஆக்கியோராக ஆடலாசான், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழல் ஊதுவோன், யாழ் இசைப்போன் ஆகிய ஒவ்வொருவரின் தகுதியையும் அக்காதை தனித்தனியே விரிக்கிறது. இங்கே மாணவி ஒருத்தி, ஆசிரியர் பலர். இன்று ‘தனிப்பாடம்’ என்று சொல்லும்போது நினைவுக்கு வரும் ஒரு குரு, ஒரு சீடர் என்னும் இணை இதில் இல்லை. ஒரு கலைஞரை உருவாக்க ஒரு குழுவே உழைத்திருக்கிறது. அதற்கான பொருளாதாரம் அரசவையிலும் கணிகையர் குலத்தின் செல்வத்திலும் இருந்தது.

அண்மைய நூற்றாண்டுகளுக்கு வந்தால், தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சதிர் ஆட்டத்தின் பயிற்சியையும் நிகழ்ச்சி வரிசையையும் ஒழுங்குபடுத்தினர். அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை செல்லும் ‘மார்க்கம்’ ஒரே ஆட்டக்காரரை மையமாகக் கொண்டது. நட்டுவனார் வீட்டுப் பயிற்சியும் அந்த இலக்கை நோக்கியே அமைந்தது. தட்டுமணையில் தட்டுக்கழி எழுப்பும் ஓசைக்கும் வாயால் சொல்லப்படும் சொல்லுக்கட்டுக்கும் ஏற்ப, அரைமண்டி நிலையில் ஒவ்வோர் அடவும் மூன்று காலங்களில் பழக்கப்பட்டது. ஒரே வீட்டில் சில பெண்கள் சேர்ந்து பயில்வதும் உண்டு. ஆயினும் வர்ணமும் பதமும் அந்தந்தப் பெண்ணின் உடலுக்கும் குரலுக்கும் முகத்துக்கும் ஏற்பவே அமைக்கப்பட்டன.

இந்தத் தனிக் கவனத்துக்கு அடிப்படையாக இருந்த பொருளியல் ஏற்பாட்டை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் பேசுவது முறையாகாது. நட்டுவனாருக்கும் தேவதாசிக் குடும்பத்துக்கும் இடையிலான உறவு மாதக் கட்டண உறவு அன்று. பயின்ற பெண் பிற்காலத்தில் ஆடி ஈட்டும் வருவாயில் ஆசிரியருக்குப் பங்கு இருந்தது. நிகழ்ச்சிதோறும் நட்டுவாங்கம் செய்ய அவரே உடன் நின்றார். ஒரு மாணவியிடம் ஆசிரியர் செலவிட்ட ஆண்டுகள் இவ்வாறு அவருடைய வாழ்நாள் முதலீடாயின. கற்பித்தலுக்குத் தனியாக விலை வைக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. பின்னாளில் தனிப்பாடம் அரிதானதற்கு நிறுவனங்களின் விருப்பத்தைக் காட்டிலும் இந்தப் பங்கு முறையின் முறிவே பெரிய காரணம்.

கூட்டுப் பயிற்சி நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தை மேலும் அசைப்பவை பிற மரபுகள். கேரளத்தின் கதகளிக் களரி அடிப்படையிலேயே ஒரு கூட்டுப் பயிற்சியிடம். விடியலுக்கு முன் எழுந்து கண்ணுக்கு நெய்யிட்டுச் செய்யும் கண் பயிற்சி, உடற்பயிற்சி, மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்து ஆசான் காலால் மிதித்துச் செய்யும் உழிச்சில் ஆகியவை மாணவர் குழுவுக்குப் பொதுவானவை. மூத்த மாணவர் முன்னால் நிற்க இளையோர் அவரைப் பார்த்துப் பழகுவர். இப்பயிற்சிக்கு மேலே ‘சொல்லியாட்டம்’ வருகிறது. வேடமின்றி, பாட்டும் கொட்டும் கூட, ஒரு பாத்திரத்தின் ஆட்டத்தை அடிமுதல் முடிவரை ஆடிப் பார்ப்பது அது. அங்கே ஆசானின் கண் ஒருவர் மேல் விழுகிறது. குட்டித்தரம், இடத்தரம், ஆத்தியவசானம் எனப் பாத்திரங்களைப் படிநிலைப்படுத்தி வழங்குவதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். உடல் கூட்டாகவும் பாத்திரம் தனியாகவும் கற்பிக்கப்பட்டன.

அசாமின் சத்திரங்களில், குறிப்பாக மாஜுலித் தீவில், வைணவத் துறவியர் வாழ்விடத்திலேயே சத்ரிய நடனம் பயிற்றுவிக்கப்பட்டது. ‘மாட்டி ஆகரா’ எனப்படும் தரைப் பயிற்சிகளை அங்கே சிறுவர்கள் ஒன்றாகவே பழகினர். வழிபாட்டின் ஒரு பகுதியான ஆட்டத்தில் தனியொருவரின் புகழ் நோக்கமாக இருக்கவில்லை. ஒடிசாவின் ரகுராஜ்பூர் போன்ற ஊர்களில் கோட்டிபுவா சிறுவர்கள் குருவின் வீட்டில் குழுவாகத் தங்கிப் பயின்றனர். பின்னாளில் ஒடிசியின் பேராசானாக அறியப்பட்ட கேலுசரண் மகாபாத்ரா (1926–2004) அந்தக் கோட்டிபுவா மரபில் வளர்ந்தவரே. ஆகவே ‘குருகுலம்’ என்ற சொல் ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதைக் குறிப்பதாக எண்ணுவது பிழை. அச்சொல் இடத்தையும் உறவையும் குறிக்கிறது; மாணவர் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை.

கதக் மரபில் நிலைமை சற்றே வேறு. 1856இல் வாஜித் அலி ஷா ஆட்சியிழந்து கல்கத்தாவின் மட்டியாபுர்ஜுக்குச் சென்ற பின்னரும், லக்னோ கரானாவின் காலிகா பிரசாத், பிந்தாதீன் உடன்பிறப்புகளின் வழி குடும்பத்துக்குள் தொடர்ந்தது. ‘கரானா’ என்ற சொல்லே ‘கர்’, அதாவது வீடு என்பதிலிருந்து பிறந்தது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் கையில் குரு நூல் கட்டும் ‘கண்டா பந்தன்’ சடங்கு, அவரை அவ்வீட்டுக்கு உரியவராக்கியது. அதன் பின்னும் மகனுக்குச் சொல்வதும் மாணவருக்குச் சொல்வதும் பல வீடுகளில் ஒன்றாக இருக்கவில்லை. தனிப்பாடத்துக்கு இந்த இன்னொரு முகமும் உண்டு. ஒருவருக்கு மட்டும் சொல்லும் வசதி, மற்றொருவருக்குச் சொல்லாமல் விடும் வசதியுமாகும். வகுப்பில் எல்லோர் முன்னும் சொல்லப்படுவதை அவ்வாறு மறைக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சொல்லின் வரலாறு துணைசெய்யும். சமற்கிருதத்தின் ‘சிக்ஷா’ இந்தியில் கல்வியைக் குறிக்கிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே சொல் தண்டனையைக் குறிக்கிறது. தமிழின் ‘சிட்சை’ கற்பித்தல், தண்டித்தல் என்னும் இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. பயிற்சியும் அடியும் பிரிக்க முடியாதனவாக இருந்த ஒரு கல்விமுறையின் தடம் இந்தப் பொருள் விரிவில் பதிந்திருக்கிறது. களரியின் கோலும் நட்டுவனாரின் தட்டுக்கழியும் தாளம் காட்ட மட்டும் பயன்பட்டவை அல்ல. குருவின் வீட்டில் சாட்சியின்றி நிகழும் கல்வியைப் போற்றுவோர் இச்சொல்லையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம் முதலில் இசையில்தான் தொடங்கியது. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். 1926இல் பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோவில் மாரிஸ் இசைக் கல்லூரி உருவானது. அதே ஆண்டில் அலகாபாத்தில் பிரயாக் சங்கீத் சமிதி தோன்றியது. பாடத்திட்டம், சுரக்குறிப்பு, ஆண்டு வகுப்பு, தேர்வு, பட்டம் ஆகியவை இசைக்கு வந்தன. இக்கல்லூரிகள் கலைஞரை உருவாக்கவில்லை, நல்ல கேட்பாளரையே உருவாக்கின என்ற விமர்சனமும் உடன் வந்தது. ஆனால் கேட்பாளர் உருவாகாத சமூகத்தில் கலைஞர் யாருக்காகப் பாடுவார் என்ற மறுகேள்வியும் நியாயமானதே. அரசவைகள் சுருங்கிவந்த காலத்தில் கட்டணம் கொடுத்துக் கேட்கும் நடுத்தர வகுப்பே புதிய புரவலராக வேண்டியிருந்தது. அவ்வகுப்பின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. பன்னிரண்டாண்டு வாசம் தேவைப்படவில்லை.

நடனத்தில் இம்மாற்றத்தின் முதல் களங்களுள் ஒன்று சாந்திநிகேதன். 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆட்டத்தைக் கண்ட தாகூர், அதைக் கற்பிக்க ஆசிரியர்களைத் தருவித்தார். அங்கே பயின்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக எண்ணி வந்தவர்கள் அல்லர். பள்ளி மாணவ மாணவியர். அவர்களைக் கொண்டு உருவான சித்ராங்கதா (1936), சண்டாலிகா (1938), சியாமா (1939) ஆகிய நாட்டிய நாடகங்களுக்குப் பல உடல்கள் ஒன்றாக அசைய வேண்டியிருந்தது. 1930இல் வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் கேரள கலாமண்டலத்தை நிறுவினர். பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் அங்கு ஆசானானார். 1936இல் அடையாற்றில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். உதய் சங்கர் அல்மோராவில் நிறுவிய பண்பாட்டு மையத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, பரதநாட்டியத்துக்குக் கந்தப்ப பிள்ளை, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் எனப் பலரும் ஒரே மாணவர் குழுவுக்குக் கற்பித்தனர். அந்த மையம் சில ஆண்டுகளே நீடித்தது. ஆயினும் எல்லா மாணவரும் உதய் சங்கரோடு சேர்ந்து நடந்து, நின்று, தாமே அசைவுகளை ஆக்கிப் பார்த்த பொது வகுப்பு இந்திய நவீன நடனத்தின் விளைநிலமாயிற்று.

இவ்வளவு இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வகுப்பு முறை வலுப்பெற்றதற்கு மாணவர் பெருக்கம் மட்டும் காரணமாக முடியாது. மேடையில் நிகழ்ந்தது மாறியிருந்தது. தனியாள் ஆடும் மார்க்கத்துக்கு அருகிலேயே நாட்டிய நாடகம் எழுந்தது. கலாக்ஷேத்திரத்தில் கற்பித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை 1943இல் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1944இல், திருக்குற்றாலக் குறவஞ்சி அங்கு மேடையேறியது. அதன் பின் 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக இராமாயண நாட்டிய நாடகங்கள் உருவாயின. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் கையை நீட்ட வேண்டுமென்றால் பத்துப் பேரும் ஒரே வகுப்பில் பழகியிருக்க வேண்டும். கலாக்ஷேத்திர ஆட்டத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் நேர்கோடுகளும் அளவொழுங்கும் தனிமனித ரசனையிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல. வரிசையாக நிற்கும் மாணவரைத் திருத்தும் கண்ணும் அவற்றை வார்த்தது. வெம்பட்டி சின்ன சத்தியம் 1963இல் சென்னையில் நிறுவிய கூச்சிப்புடி கலை அகாதெமியின் நாட்டிய நாடகங்களிலும் இதே தொடர்பைக் காணலாம்.

மொழியியலில் பொதுமொழி உருவாகும் முறையோடு இதை ஒப்பிடலாம். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் வேறுபடும் வழக்குகள் பள்ளியும் அச்சும் வந்தபின் ஒரு பொது வடிவத்தை நோக்கி நகர்கின்றன. அந்தப் பொது வடிவமும் ஏதோ ஒரு வழக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. எடுக்கப்பட்ட பின் அதன் ஊர் மறக்கப்படுகிறது. நடனத்தில் இந்த நகர்வைப் பெயர்களே காட்டிவிடுகின்றன. பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி, தஞ்சாவூர்ப் பாணி என்பன ஆசிரியர்தம் ஊரைச் சுட்டுகின்றன. அவற்றுக்குப் பின் வந்த கலாக்ஷேத்திரப் பாணி நிறுவனத்தைச் சுட்டுகிறது. அதன் வேர்களுள் முதன்மையானது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி பெற்ற பயிற்சி. ஆனால் பெயரில் அந்த ஊர் இல்லை.

கேரளத்தில் இது ஆட்பெயரிலேயே நிகழ்ந்தது. பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன், வாழேங்கட குஞ்சு நாயர் ஆகியோரின் பெயருக்கு முன்னால் நிற்பவை அவர்களுடைய வீட்டையும் ஊரையும் காட்டுபவை. அடுத்த தலைமுறையில் கலாமண்டலம் ராமன்குட்டி நாயர், கலாமண்டலம் கோபி என்று அந்த இடத்தில் நிறுவனத்தின் பெயர் அமர்ந்தது. ஒருவர் எங்கிருந்து வந்தவர் என்பதற்கு விடையாக வீடு இருந்த இடத்தில் பள்ளி வந்துவிட்டது. முன்னொட்டில் நிகழ்ந்த இச்சிறு மாற்றம், கலை கைமாறும் அலகு குடும்பத்திலிருந்து வகுப்புக்கு மாறியதன் துல்லியமான பதிவாகும். ‘வகுப்பு’ என்ற தமிழ்ச் சொல்லும் ‘வகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. மாணவரை வயதாலும் ஆண்டாலும் நேரத்தாலும் வகுப்பதே அங்கு முதல் செயல்.

வகுப்பு முறை யாருக்குக் கதவைத் திறந்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதே இவ்வரலாற்றின் கடினமான பகுதி. கட்டணம் செலுத்தி எவரும் சேரலாம் என்ற நிலை, குலத்தால் மூடப்பட்டிருந்த கலையைத் திறந்தது என்பது உண்மை. ஆனால் திறந்த கதவின் வழியே உள்ளே சென்றவர்கள் பெரும்பாலும் நகர்ப்புற மேல்சாதி, நடுத்தரக் குடும்பப் பெண்கள். தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்று, 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியபோது, அக்கலையைத் தலைமுறைகளாக உடலில் சுமந்து வந்த பெண்களுக்குப் புதிய நிறுவனங்களில் ஆசிரியராகும் வாய்ப்பு அரிதாகவே அமைந்தது. அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களுள் சிலர் சம்பளம் பெறும் ஆசிரியர் ஆயினர். பாடத்தின் வரிசையையும் மாணவரின் தேர்வையும் அரங்கேற்ற நாளையும் தாமே முடிவுசெய்த ஒருவர், கால அட்டவணைக்குள் வந்து போகும் ஊழியரானார். பாலசரசுவதி (1918–1984) இதில் முக்கியமான விதிவிலக்கு. பரம்பரைக் குடும்பத்தில் பிறந்து, கந்தப்ப பிள்ளையிடம் பயின்று, பின்னர் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் அமைந்த பள்ளியிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் அவர் கற்பித்தார். விதிவிலக்காக அவர் பெயரையே எல்லோரும் சொல்ல வேண்டியிருப்பது பொதுநிலையை உணர்த்தும்.

நிறுவனம் திறக்கும், தனி ஆசிரியர் மூடுவார் என்ற எளிய சூத்திரமும் பொருந்தாது. கேரள கலாமண்டலம் கதகளி வேடப் பயிற்சியில் பெண்களை மாணவராகச் சேர்த்தது 2021இல்தான். நிறுவப்பட்டுத் தொண்ணூறாண்டுகள் கழிந்த பின். அதற்கு வெகுகாலம் முன்பே சவற பாறுக்குட்டி போன்றோர் தனி ஆசான்களிடம் பயின்று ஆண் கலைஞர்களோடு மேடையேறினர். 1975இல் திருப்பூணித்துறையில் பெண்களின் கதகளிக் குழு ஒன்று உருவாகி நிகழ்ச்சிகள் நடத்தியது. இங்கே பொதுப் பள்ளி மூடியிருக்க, தனிப்பாடமே திறந்த கதவாக இருந்தது. தஞ்சையில் பரம்பரையைக் காத்த அதே முறை கேரளத்தில் பரம்பரையை மீற உதவியது. கற்பித்தல் முறை தன்னளவில் சமத்துவமானதும் அல்ல, அடக்குவதும் அல்ல. யாருக்குச் சொல்லித்தருவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே ஒவ்வோர் இடத்திலும் விளைவைத் தீர்மானித்தது.

விடுதலைக்குப் பின் அரசும் பல்கலைக்கழகங்களும் இக்களத்தில் நுழைந்தன. பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் நடனத்தைப் பட்டப்படிப்பாக்கிய முன்னோடிகளுள் ஒன்று. 1954இல் இம்பாலில் மணிப்புரி நடனத்துக்கான அகாதெமியும், 1964இல் தில்லியில் கதக் கேந்திராவும் அமைந்தன. பாடத்திட்டம் வந்ததும் மதிப்பெண் வந்தது. மதிப்பெண் தர வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். அடவின் தூய்மை, தாளத்தின் துல்லியம், உருப்படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்துவிடலாம். ஒரு பதத்தின் ஒரே வரியைப் பத்துவிதமாக விரிக்கும் மனோதர்மத்தை அளப்பது அரிது. அளக்க முடிந்தது வகுப்பில் வளர்ந்தது. அளக்க முடியாதது வகுப்புக்கு வெளியே, ஆசிரியர் வீட்டில், மேடைக்குப் பின்னால், நீண்ட பயணங்களில் தொடர்ந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களும் தம்மைப் பற்றிய குறிப்பில் துறையின் பெயருக்கு முன்பாகக் குருவின் பெயரை எழுதுவதற்கு இதுவே காரணம்.

நூற்றாண்டின் இறுதியில் எதிர்த்திசை நகர்வும் தெரிகிறது. 1990இல் பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் புரோதிமா பேடி நிறுவிய நிருத்யகிராம், மாணவர் தங்கி வாழ்ந்து பயிலும் நடனக் கிராமமாக அமைந்தது. நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகமும் மண்டலப் பண்பாட்டு மையங்களும் ‘குரு-சிஷ்ய பரம்பரை’ என்ற பெயரிலேயே நிதியுதவித் திட்டங்களை நடத்திவருகின்றன. அத்திட்டங்களில் ஒரு குருவுக்கும் அவரிடம் பயிலும் பல சீடர்களுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. பெயர் ஒருமையின் நினைவைத் தாங்கினாலும் நடைமுறை ஒரு சிறு வகுப்புதான். இது முரண்பாடு போலத் தோன்றலாம். களரியையும் சத்திரத்தையும் கோட்டிபுவா வீட்டையும் நினைவுகூர்ந்தால், பழைய நடைமுறைக்கு இதுவே நெருக்கமானது என்பது புலப்படும்.

2020இன் ஊரடங்கு இந்தக் கேள்வியை எதிர்பாராத வகையில் சோதித்துப் பார்த்தது. வகுப்புகள் திரைக்கு மாறியபோது, ஆசிரியர் தட்டும் தாளம் ஒவ்வொரு மாணவரையும் வெவ்வேறு தாமதத்தோடு சென்றடைந்தது. இருபது பேர் ஒரே தாளத்தில் காலைத் தட்டுவது தொழில்நுட்ப அளவிலேயே இயலாமற்போனது. எல்லோரும் ஒலியை அடைத்துக்கொண்டு ஆட, ஆசிரியர் சிறு சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். பலரும் தனித்தனி நேரம் ஒதுக்கிக் கற்பிக்கத் தொடங்கினர். அபிநயத்தையும் கோட்பாட்டையும் இவ்வழி ஓரளவு கற்பிக்க முடிந்தது. அடவுப் பயிற்சி தளர்ந்தது. அருகில் நிற்பவரின் கால் ஓசை, சேர்ந்து களைத்தும் நிறுத்தாமல் ஆடும் பிடிவாதம், முன்னால் ஆடுபவரைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பழக்கம் ஆகியவை திரையில் வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் மட்டுமே கற்பிப்பதில்லை, அருகில் நிற்பவர்களும் கற்பிக்கிறார்கள் என்பது அவர்கள் இல்லாதபோது தெளிவாயிற்று.

இவ்வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் தெரிவது ஓர் உழைப்புப் பிரிவினை. உடலின் அடித்தளமான அடவு, கண் பயிற்சி, தரைப் பயிற்சி, தாளத்தைச் சேர்ந்து சொல்லுதல் ஆகியவை பெரும்பாலான மரபுகளில் கூட்டாகவே வளர்ந்தன. பாத்திரம், அபிநயம், மனோதர்மம், மேடையில் தனியாக நிற்கும் துணிவு ஆகியவை ஒரு கண் ஒருவர் மேல் நீண்டநேரம் நிலைத்திருக்கும்போதே வளர்ந்தன. நிறுவனங்கள் முதலாவதைச் செம்மையாகவே செய்தன. இரண்டாவதற்குரிய நேரத்தையும் அதற்கு ஈடான ஊதியத்தையும் அவை ஒதுக்கவில்லை. அவ்வெற்றிடத்தை இன்று சந்தை நிரப்புகிறது. வகுப்பில் ஐந்தாறு ஆண்டுகள் பயின்ற மாணவி அரங்கேற்றம் நெருங்கும்போது ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்ற பெயரில் தனிப்பாடத்துக்குத் தனியாகப் பணம் கட்டுகிறாள். கட்ட இயலாதவள் குழு நடனத்தின் பின்வரிசையில் தங்கிவிடுகிறாள். ஒருகாலத்தில் குலம் செய்த வடிகட்டலைக் கட்டணம் செய்கிறது.

ஆகவே, தனிப்பாடமா, வகுப்பா என்று மாணவரைத் தேர்வுசெய்யச் சொல்வது வரலாறு ஒன்றாக வைத்திருந்த இரண்டைப் பிரித்து விலை சொல்வதாகும். முதலாண்டுகளில் நல்ல வகுப்பைத் தேடும் மாணவர் மரபிலிருந்து விலகிவிடவில்லை. பின்னாண்டுகளில் ஆசிரியரின் தனிக் கவனத்தைக் கோருபவர் சலுகை கேட்கவும் இல்லை. நடனத் துறைகளின் பாடத்திட்டக் குழுக்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ஒவ்வொரு மாணவருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஆசிரியர் முன் தனியாக ஆடிக்காட்டும் உரிமை கால அட்டவணையில் இருக்கிறதா? அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆசிரியருக்கு ஊதியம் உண்டா? அது அறைக்கதவு திறந்திருக்க, பிறர் பார்க்கக்கூடிய இடத்தில் நிகழ்கிறதா? முதலாவது இல்லாத இடத்தில் கலை தேர்வுத்தாளாகச் சுருங்கும். இரண்டாவது இல்லாத இடத்தில் அது பணமுள்ளவருக்கு மட்டும் உரியதாகும். மூன்றாவது இல்லாத இடத்தில் ‘சிட்சை’ தன் பழைய இரண்டாம் பொருளுக்குத் திரும்பும்.